இஞ்சினுக்குள் ஒரு குரல்

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே தேவயானிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய வாசலையே திரும்பக் கூட்டினாள். கழுவிய டம்ளர்களையே திரும்பக் கழுவினாள்.

போன வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். கம்பத்திலிருந்து ஷேக் மைதீன் பாயும் அவர் மனைவி மதீனாவும் வரப்போகிறார்கள். குமுளி ரோட்டில் பாய் புதிதாக ஓட்டல் கட்டுகிறார். அதற்குப் பின்னால் பெரிய தோட்டம். சாப்பிட வருகிற பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, அந்தத் தோட்டத்தைச் சுற்றி ஒரு சின்ன ரயில் ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. மகள் சினேகா போட்ட வீடியோ எப்படியோ அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

"அப்பாவோட ரயிலைத் தேடிக்கிட்டு ஆளு வருதும்மா" என்று மகள் சொன்னபோது தேவயானி முதலில் நம்பவில்லை.

நம்புகிற மாதிரியா இருந்தது? அவள் கணவர் வீரபாண்டிக்கு உத்தமபாளையத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. அனுமந்தன்பட்டியிலிருந்து தினமும் டி.வி.எஸ்ஸில் போய் வருவார். வரும்போது வண்டியில் ஏதாவது தொங்கும். பழைய ஃப்ரிட்ஜ் கதவு, கார் வைப்பர் மோட்டார், பிளெக்ஸ் போர்டு கடையில் வெட்டிப்போட்ட பி.வி.சி. ஷீட்டுத் துண்டு. "இது வீடா, காயலான் கடையா?" என்று தேவயானி கேட்காத நாள் கிடையாது. அவர் பதில் சொல்ல மாட்டார். சாப்பிட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவார்.

அந்தக் கொல்லையில்தான் ரயில் ஓடியது. முன்பு அது பன்னீர் திராட்சைப் பந்தல். இப்போது கல்லுக்கால்கள் மட்டும் வரிசை வரிசையாக நிற்கின்றன.

கொடி போன கதை ஊரறிந்தது. வீரபாண்டிக்கு ஒரே தம்பி, அம்மாவாசி. பாகம் பிரித்தபோது கிணறு அண்ணன் பக்கமும், வண்டிப் பாதை தம்பி பக்கமும் விழுந்தது. தண்ணீர் முறையில் தொடங்கிய வாய்ப்பேச்சு முற்றிப் போய், திராட்சை வெட்டுகிற வாரத்தில் அம்மாவாசி பாதையின் குறுக்கே கல் நட்டு முள்கம்பி அடித்துவிட்டான். பழம் ஏற்ற வந்த வண்டி ரோட்டிலேயே நின்று திரும்பிப் போனது. அன்று ராத்திரி பிடித்த மழை விடவே இல்லை. பழமெல்லாம் வெடித்து, குலை குலையாகக் கொடியிலேயே அழுகின. அந்தப் புளித்த வாடை இன்னும் தேவயானியின் மூக்கில் இருந்தது.

"இவன் செத்தாலும் எட்டிப் பாக்க மாட்டேன்" என்று அன்றைக்கு ஊர் மத்தியில் சொன்னவள் அவள். அதோடு கொழுந்தனும் அவன் பொண்டாட்டி ஜக்கம்மாவும் இருக்கிற வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவனுக்கு உடம்பு சரியில்லை என்று அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. என்னவென்று கேட்கவில்லை.

பட்டுப்போன கொடியைப் பிடுங்கி எறிந்த இடத்தில் வீரபாண்டி உருட்டுக் கம்பியை வளைத்துத் தண்டவாளம் போட்டார். ஸ்லைடிங் கேட்டுக்கு மாட்டுகிற பள்ளம் விழுந்த சக்கரம் அந்தக் கம்பியில் கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் டீசல் இஞ்சினை ஃப்ரிட்ஜ் கதவுத் தகட்டில் செய்தார். பார்க்க ஜோராக இருந்தது, ஆனால் தூக்கித் தண்டவாளத்தில் வைக்க இரண்டு ஆள் வேண்டும்.

இப்போது முடித்திருக்கும் இரண்டாவது இஞ்சின் அப்படியில்லை. முழுக்க பி.வி.சி.தான். குழாயை நீளவாக்கில் அறுத்து, சூடு காட்டி வளைத்து, மூக்கும் கூரையும் செய்திருந்தார். ரேடியேட்டர் ஜன்னலுக்குக் கொசுவலைக் கம்பி. ஓரத்துக் கைப்பிடிகளுக்கு சைக்கிள் ஸ்போக். பைக் கடையில் மிஞ்சிய ஸ்ப்ரே பெயிண்டில் நீலமும் வெள்ளையும் அடித்து, மூக்கில் ஒரு எல்.இ.டி. லைட்டையும் பொருத்தியபோது, தேவயானியே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் கைவேலையைப் பாராட்டியது அதுவே முதல் தடவை. வீரபாண்டி சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுசாக இல்லை என்பது அவளுக்கு அப்போது படவில்லை.

பாய் வீட்டுக் கார் வந்து நின்றபோது வீரபாண்டி இல்லை. ஃப்யூஸ் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தார்.

"வாங்க பாய். வாம்மா, உள்ள வா" என்று தேவயானி வரவேற்றாள். மதீனா ஒரு டப்பா நிறைய இனிப்பு கொண்டு வந்திருந்தாள்.

"எங்க வீட்ல இவுக ரயில் ரயில்னு தூக்கத்துல கூடப் பேசுறாக அக்கா" என்றாள் மதீனா. "அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கத்தான் நானும் வந்தேன்."

"எங்க வீட்ல மட்டும் என்ன வாழுதாம்" என்று தேவயானி சிரித்தாள்.

சினேகா எல்லோரையும் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பெண். அப்பாவின் ரயிலுக்கு அவள்தான் விளம்பரம், அவள்தான் மேனேஜர்.

"அங்கிள், இன்னைக்குப் புதுசா ஒண்ணு மாட்டியிருக்கேன்" என்றாள். "அப்பாவோட பழைய போனு சும்மா கெடந்துச்சு. அதை இஞ்சினுக்குள்ள வெச்சு, ஆட்டோவுல கழட்டின ஸ்பீக்கரோட சேத்துட்டேன். அந்த நம்பருக்கு நாம போன் அடிச்சா அதுவே எடுத்துக்கும். நாம இங்கன பேசுறது இஞ்சின்ல கேக்கும். ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்றாங்கள்ல, அந்த மாதிரி."

"செலவு?" என்றார் பாய்.

"செலவே இல்ல அங்கிள். எல்லாம் வீட்ல கெடந்ததுதான்."

பாய்க்கு அதுதான் பிடித்தது. குனிந்து இஞ்சினை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "என்னத்தா, இம்புட்டு லேசா இருக்கு. வழுக்காதா?"

"பேட்டரியை ஓட்டுற சக்கரத்துக்கு நேர் மேல வெச்சிருக்காரு. அந்த வெயிட்டுல பிடிச்சுக்கும்."

வீரபாண்டி வந்துவிட்டார். விருந்தாளிகளைக் கும்பிட்டுக்கொண்டே வந்தவர், இஞ்சினின் கம்பி ஜன்னலுக்குள் போனைப் பார்த்ததும் நின்றார்.

"அந்தப் போனை யாரு எடுத்தது?"

"நான்தாம்ப்பா. ஷெட்டுல மேல்தட்டுல இருந்துச்சே. அதுக்குள்ள சிம்மும் இருந்துச்சு, அதனால நல்லதாப் போச்சு."

"அதை எடுத்துரு ஆத்தா."

"ஏம்ப்பா? எவ்வளவு கஷ்டப்பட்டு மாட்டியிருக்கேன்."

பாயும் மதீனாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரபாண்டி அவர்களைப் பார்த்தார். "சரி, சீக்கிரம் ஒரு ரவுண்டு காமிச்சுட்டு எடுத்துரு" என்றார். வெயில் ஏறாத காலை நேரத்தில் அவர் நெற்றி வேர்த்திருந்ததை தேவயானி கவனித்தாள். விருந்தாளிகள் முன்னால் மனுசன் பதறுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இஞ்சின் கிளம்பியது. பின்னால் மூன்று சரக்குப் பெட்டிகள். ரிமோட்டைப் பாயிடமே கொடுத்திருந்தாள் சினேகா. அவர் அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து மதீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆன்ட்டி, நீங்க பேசுங்க" என்று சினேகா தன் போனில் நம்பரை அழுத்தி மதீனாவிடம் நீட்டினாள்.

மதீனா கூச்சப்பட்டாள். பிறகு போனை வாயருகே கொண்டுபோய், "கம்பத்துக்குப் போற வண்டி கிளம்பிருச்சு. எல்லாரும் வந்து ஏறுங்க" என்றாள்.

கல்லுக்கால்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்த இஞ்சின் அதையே கரகரத்த குரலில் திருப்பிச் சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். தேவயானியும் சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த இடத்தில் நின்று அவள் சிரித்தாள்.

மதீனா பேச்சைத் துண்டித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். இஞ்சின் எலுமிச்சை மரத்தைச் சுற்றி வந்தது.

அப்போது அது மறுபடி பேசியது.

"வணக்கம். வீரபாண்டி சாருங்களா?"

ஆண் குரல். சினேகா தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அது அணைந்திருந்தது.

"சார், மதுரை ஆஸ்பத்திரியில இருந்து ஜோஷ்வா பேசுறேன். டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர். ரெண்டு நாளா உங்களுக்கு அடிக்கிறேன், போன் ஆஃப்லயே இருந்துச்சு."

இதுவும் ஏதோ விளையாட்டு என்று பாய் சிரித்த முகத்தோடு நின்றார். தேவயானியும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் வீரபாண்டி ஓடிக்கொண்டிருந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லுக்கால்களுக்குள் புகுந்து, இஞ்சினுக்குப் பின்னால்.

"உங்க தம்பி அம்மாவாசிக்கு நீங்க கிட்னி குடுக்குற விஷயமா, வியாழக்கிழமை கமிட்டி கூடுது சார். உங்க வீட்டம்மா தேவயானி அன்னைக்கு நேர்ல வந்தே ஆகணும்."



"நிறுத்துங்க பாய்" என்று வீரபாண்டி கத்தினார். பாய் தடுமாறி எந்தப் பொத்தானை அமுக்கினாரோ, இஞ்சின் வேகமெடுத்து வளைவைத் தாண்டி வந்தது. வீரபாண்டியின் கைக்கு எட்டாமல், தேவயானி நின்றிருந்த பக்கமாகவே வந்தது. பேசிக்கொண்டே வந்தது.

"கிட்னி குடுக்குறவரோட மனைவி சம்மதம் கட்டாயம்னு உங்களுக்கே தெரியும். போன மாசம் உங்ககூட வந்து உக்காந்து சம்மதம் சொன்னாங்களே, அவங்க விஷயத்துல டாக்டர் ஒரு சந்தேகம் எழுப்புறாரு. ஆதார் போட்டோவுல எடது கண்ணுக்குக் கீழ மச்சம் இருக்கு. வந்தவங்களுக்கு இல்லேங்குறாரு. வேற ஆளு வந்திருந்தா போலீஸ் கேஸ் ஆயிடும் சார். ஆபரேஷனும் நின்னுடும். சார், லைன்ல இருக்கீங்களா?"

பாய் ஒருவழியாக நிறுத்திவிட்டார். இஞ்சின் தேவயானியின் காலடியில் நின்றது.

அவள் கை தானாகவே மேலே போய் இடது கண்ணுக்குக் கீழே தொட்டது. பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிற மச்சம்.

"சார்?" என்றது இஞ்சின்.

வீரபாண்டி மூச்சிரைக்க ஓடிவந்து, கூரையைப் பிய்த்து, வயரை இழுத்தார். சத்தம் நின்றது. சூடு காட்டி வளைத்த அந்த அழகான கூரை அவர் கையில் இரண்டாக முறிந்திருந்தது.

 பம்புசெட்டிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் நகர்ந்தது மதீனாதான். தேவயானியின் கையைப் பிடித்தாள்.  "நாங்க இன்னொரு நாளைக்கு வர்றோம் அக்கா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. பாய் ரிமோட்டை ஒரு கல்லின் மேல் பதனமாக வைத்துவிட்டு, "அண்ணே, ஒண்ணும் அவசரமில்ல. நீங்க வீட்டைப் பாருங்க" என்று வீரபாண்டியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கார் போகிற சத்தம் அடங்கியது.

"ஒனக்குத் தெரியுமா?" என்று மகளைக் கேட்டாள் தேவயானி.

"சித்தப்பா டயாலிசிஸ் போறாருன்னு தெரியும்மா. தேனியில ஒரு தடவை பார்த்தேன். அப்பா குடுக்கப் போறாருன்னு சத்தியமாத் தெரியாது." சினேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தா அந்தப் போனை நான் தொட்டிருப்பேனா?"

வீரபாண்டி ஷெட்டுக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முறிந்த கூரைத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவயானி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க."

"அவனுக்கு ரெண்டும் போயிருச்சு. மருந்துல நிக்கிற கட்டமெல்லாம் தாண்டிருச்சுன்னு சொல்றாக. ஜக்கம்மா குடுக்கிறேன்னு வந்தா, அவளுக்குச் சர்க்கரை. புள்ளகுட்டி கெடையாது. என் ரத்தம் மட்டும்தான் அவனுக்குச் சேந்துச்சு."

"நான் அவனைப் பத்திக் கேக்கல. ஒங்களப் பத்திக் கேக்குறேன். ஒங்க ஒடம்பைக் கீறி எடுக்கப் போறாக. அதை ஒரு பொம்மை இஞ்சின் வந்து எனக்குச் சொல்லுது."

அவர் முறிந்த துண்டுகளையே திருப்பித் திருப்பிப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"இத்தன மாசமா கடைக்குப் போறேன் போறேன்னு மதுரைக்குப் போயிருக்கீக. ரத்தம் குடுத்திருக்கீக, ஸ்கேன் எடுத்திருக்கீக. ராத்திரி வந்து என் பக்கத்துலதான் படுத்திருக்கீக. ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"சொல்லிருந்தா நீ என்ன சொல்லிருப்ப?"

பட்டென்று பதில் சொல்ல தேவயானி வாயைத் திறந்தாள். பதில் வரவில்லை. 'வேண்டாம்னு சொல்லிருப்பேன்' என்பதும் வரவில்லை, 'சரின்னு சொல்லிருப்பேன்' என்பதும் வரவில்லை.  இத்தனை வருஷமாகத் தன்னைத் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தவளுக்கு அது எல்லாவற்றையும் விடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

அவள் கண் பெஞ்சின் மேல் போனது. அரைகுறையாக அறுத்த பி.வி.சி. ஷீட்டுகள், இன்னொரு இஞ்சினுக்கான அளவுகள். எல்லாமே லேசு. இரும்பு என்று ஒரு துண்டுகூட இல்லை.

"ஆபரேஷனுக்கு அப்புறம் கனம் தூக்கக் கூடாதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வீரபாண்டி நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்ச மாசத்துக்குக் கூடாதுன்னு சொன்னாக. அதான் இதை இந்த மாதிரி..." என்று முடிக்காமல் விட்டார்.

ஆக, அவர் பெயிண்ட் அடிக்கும்போது அவள் ரசித்து நின்ற இஞ்சினும் இதில் ஒரு பகுதிதான். அவள் கண் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் அதைப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லியிருக்கிறாள்.

"என் பேரைச் சொல்லிக்கிட்டு அங்கன வந்து உக்காந்தது யாரு?"

"அதை மட்டும் கேக்காத தேவயானி."

"யாரு?"

"நான் கெஞ்சிக் கேட்டுத்தான் வந்துச்சு. தப்பு என்னோடது. கேக்காத."

தேவயானி திரும்பி நடந்தாள். "அம்மா, எங்க போற?" என்று சினேகா பின்னால் வந்தாள். "நானும் வர்றேன்."

"வேணாம். ஒங்கப்பா பக்கத்துல இரு."

கொல்லையின் கடைசியில்தான் அந்த வண்டிப் பாதை. கால் வைத்து எத்தனையோ வருஷமாயிற்று. முள்கம்பியில் சேலை மாட்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனவள், அங்கே போய்த் திகைத்து நின்றாள். கம்பி இல்லை. கல்லையும் பிடுங்கிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மண்ணில் கார் டயர்த் தடம் தெரிந்தது.

"ஆம்புலன்ஸ் உள்ள வர முடியலன்னு போன வருசம் பிடுங்குனோம் அக்கா."

ஜக்கம்மா வேலியோரம் நின்றிருந்தாள். கையில் ஒரு குடம். இளைத்துப்போயிருந்தாள். பிறகு, தேவயானி வந்திருப்பதை நம்ப முடியாதவள் போலக் குடத்தை இறக்கி வைத்தாள்.

"எங்க அவன்?" என்றாள் தேவயானி.

ஓட்டு வீட்டின் உள்ளே, ஜன்னலோரக் கட்டிலில் அம்மாவாசி சாய்ந்து கிடந்தான். தேவயானியின் நினைவில் இருந்தவன் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு பாதையின் குறுக்கே நின்றவன். கட்டிலில் கிடந்தவனுக்கு முகம் ஊதி, கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி இடது கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. பக்கத்தில் காபி குடிக்கிற சின்ன டம்ளரில் அரை டம்ளர் தண்ணீர்.

"மதியம் வரைக்கும் அம்புட்டுத்தான் குடிக்கணும்" என்றாள் ஜக்கம்மா.

அம்மாவாசி எழுந்திருக்கப் பார்த்தான். "மதினி, வாங்க" என்றான். குரல்கூட மாறிப்போயிருந்தது.

தேவயானி உட்காரவில்லை. அவனைத் திட்டுவதற்கென்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. ஜக்கம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரிக்கு என் பேருல போனது நீயா?"

"நான் எப்படிக்கா போக முடியும்? நோயாளி பொண்டாட்டின்னு அங்கன எல்லாருக்கும் என்னைத் தெரியும்."

"அப்ப யாரு?"

ஜக்கம்மா புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மாமா சொல்லலையா?"

"சொல்லல. நீ சொல்லு."

ஜக்கம்மா சேலை நுனியைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். "ஒங்க தங்கச்சி" என்றாள். "ஜெயமங்கலத்துல இருந்து பவுனுதான் வந்துச்சு."



பவுனு. கூடப் பிறந்தவள். ஒரே அச்சு என்று ஊரே சொல்லும் இரண்டு பேர். அந்த மச்சம் ஒன்றுதான் வித்தியாசம். தினமும் சாயங்காலம் போன் பண்ணி என்ன குழம்பு என்று கேட்கிறவள். நேற்றுக்கூடக் கேட்டாள்.

"மதினி" என்றான் அம்மாவாசி. கண்ணைத் திறக்காமலே பேசினான். "அண்ணன்கிட்ட நான் வேணாம்னு சொன்னேன். கேக்கல. நீங்க அங்கன போயி உள்ளதைச் சொல்லிருங்க. என்னால யாரும் பொய் சொல்ல வேணாம். பாதையை அடச்சவன் நான். எனக்கு ஒங்ககிட்ட கேக்குறதுக்கு மூஞ்சி இல்ல."

"சும்மா இருங்க" என்று ஜக்கம்மா அவனை அதட்டினாள். அதட்டும்போதே அழுதுவிட்டாள். தேவயானியின் காலில் விழப் போனவளைத் தோளைப் பிடித்து நிறுத்தினாள் தேவயானி.

"காலைத் தொடாத" என்றாள். "என்னை யாரும் இப்ப தொடாதீக."

வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. மேற்கே மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. பாதை நடுவில் நின்று தங்கைக்குப் போன் போட்டாள்.

"அக்கா" என்றாள் பவுனு. பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. ஜெயமங்கலம் அங்கன்வாடியில் அவள் டீச்சர். "என்னக்கா இந்த நேரத்துல? ரயில் பாக்க வந்தாகளா? பிடிச்சுதா அவுகளுக்கு?"

"மதுரைக்கு எந்தச் சேலை கட்டிக்கிட்டுப் போன?"

 பிள்ளைகள் ஏதோ பாட்டை முழுசாகப் பாடி முடித்தார்கள்.

"அக்கா..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பச்சைச் சேலை. நீ எனக்குப் பொங்கலுக்கு எடுத்துக் குடுத்தது."

தேவயானி கண்ணை இறுக்கி மூடினாள்.

"மாமா வந்து எங்க வீட்ல உக்காந்து அழுதாகக்கா. அவுக அழுது நான் பாத்ததே இல்ல. 'என் தம்பி கண்ணு முன்னால போயிருவான் பவுனு'ன்னு சொன்னாக. ஒன்கிட்டச் சொல்லுவோம் மாமான்னுதான் நானும் மொதல்ல சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நானே யோசிச்சேன். நீ வேண்டாம்னு சொல்லிருவ. சொன்ன சொல்லை நீ மாத்த மாட்ட. அவன் செத்துருவான். அதுக்கப்புறம் மாமா முகத்தைப் பாத்துக்கிட்டு அந்த வீட்ல நீ எப்படி வாழுவ? அதான், ஒனக்குத் தெரியாமலே முடிஞ்சுரட்டும்னு..."

"எனக்காகத்தான் செஞ்ச."

"ஆமாக்கா."

"எனக்காக நீயே என் பேரைச் சொன்ன. எனக்காக நீயே சம்மதம் சொன்ன. நான் எம்புட்டுக் கல்நெஞ்சக்காரின்னு நீங்க ரெண்டு பேரும் எனக்காக உக்காந்து முடிவு பண்ணினீக. அவன் கெடக்குற கெடையை என்னை யாராச்சும் கூட்டிட்டுப் போயிக் காமிச்சீகளா? வந்து பாருன்னு ஒரு வார்த்தை?"

பவுனு அழுகிற சத்தம் கேட்டது. தேவயானிக்கு அழுகை வரவில்லை. 

"ஆஸ்பத்திரி டாக்டரு சந்தேகப்பட்டுட்டான் பவுனு. ஒனக்கு மச்சம் இல்லேன்னு பாத்திருக்கான். வியாழக்கிழமை என்னை வரச் சொல்லிருக்காக."

"அய்யோ" என்றாள் பவுனு, மெல்லிய குரலில். "அக்கா, எனக்கு வேலை போயிரும். என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா..."

"அங்கன என்னை உக்கார வெச்சுக் கேப்பாக. போன தடவ வந்தது நீங்கதானான்னு. இல்லன்னு சொன்னா ஒன்னையப் பிடிச்சுட்டுப் போவாக. அவன் கதையும் முடிஞ்சுரும். ஆமான்னு சொன்னா, ஒங்க மாமாவைக் கீறுறதுக்கு நானே கத்தி எடுத்துக் குடுத்த மாதிரி. அவுகளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, சம்மதம் சொன்னவ நான்தான்."

பாதையின் மறுகோடியில் வீரபாண்டி வந்து நின்றிருந்தார். வெறும் காலோடு, கையில் பெயிண்ட் கறையோடு. அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க அவருக்குத் தைரியம் இல்லை. அவருக்குப் பின்னால் சினேகா.

இந்தப் பக்கம் வாசலில் ஜக்கம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  எல்லோரும் தேவயானியையே பார்த்தார்கள்.

"அக்கா" என்றாள் பவுனு, அழுகையை விழுங்கிக்கொண்டு. "நீ என்னக்கா சொல்லப் போற?"

தேவயானி கணவரைப் பார்த்தாள். ஜக்கம்மாவைப் பார்த்தாள். ஜன்னலுக்குள் கட்டிலில் தெரிந்த அந்தப் புடைத்த கையைப் பார்த்தாள்.

"இதையாச்சும் எங்கிட்ட கேட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.